காலைக் கதிரும் கடற்கரைச் சாலையும்

(யூபிலி ஆண்டுச் சொற்பொழிவு வரிசையில் பங்குத்தந்தை ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



யூபிலி ஆண்டையொட்டி நடைபெறும் இச்சொற்பொழிவு வரிசையில், கல்வி, குடும்பம், குடிப்பழக்கம் எனக் கனமான பொருள்களையெல்லாம் எனக்கு முன் பேசியவர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். “சாமி, நீங்கள் எதைப் பேசினாலும் சரி, கோவில் பிரசங்கமாக மட்டும் இருக்க வேண்டாம்” என்று இளைஞர் மன்றத்தாரும் முன்கூட்டியே நிபந்தனை போட்டுவிட்டார்கள். அந்த நிபந்தனையை மதித்து, விடியற்காலையில் வண்டியில் போகும்போது நாம் காணும் சூரிய உதயத்தைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன்.

இதில் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று முன்வரிசையில் இருக்கும் பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். சென்ற கோடை விடுமுறையில் நம் பங்கிலிருந்து இரண்டு வேன்கள் கன்னியாகுமரிக்குப் போயின. போனவர்கள் நாலரை மணிக்கே எழுந்து, கூட்டத்தில் முண்டியடித்து இடம் பிடித்து, சூரியன் கடலிலிருந்து எழுவதைக் கண்டு வந்தார்கள். நல்ல காரியம்தான், பார்க்க வேண்டிய இடம்தான். திரும்பி வந்தவர்களிடம், “நம் ஊரில் சூரியன் எங்கே உதிக்கிறது?” என்று கேட்டேன். “கிழக்கே, சாமி” என்றார்கள். “கிழக்கே என்றால் எந்த இடத்தில்? எத்தனை மணிக்கு?” என்றேன். பதில் இல்லை. கன்னியாகுமரியில் பார்த்த அதே சூரியன், அதே வங்கக் கடலிலிருந்து, நம் போலகத்துக்குக் கிழக்கே ஒன்றிரண்டு கிலோமீட்டர் தூரத்தில் தினமும் எழுகிறது. வேன் வாடகை கேட்பதில்லை. அதனால்தானோ என்னவோ நாம் அதைப் பொருட்படுத்துவதில்லை.

எந்த இடத்தில் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சூரியன் நேர் கிழக்கே உதிப்பது ஆண்டில் இரண்டே முறை: மார்ச் 21ஐ ஒட்டியும், செப்டம்பர் 23ஐ ஒட்டியும். அதன் பிறகு அது நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, ஜூன் மாதக் கடைசியில் கிழக்கிலிருந்து 24 பாகை வடக்கே தள்ளியும், டிசம்பரில் அதே அளவு தெற்கே தள்ளியும் எழுகிறது. நம் கடற்கரைச் சாலையில் நாகூர் நோக்கிப் போகிறவர்களுக்குக் கடல் எப்போதும் இடக்கைப் பக்கம். அப்படிப் போகும்போது டிசம்பர்ச் சூரியன் இடப்பக்கம் முன்னே தெரியும். ஜூன் சூரியன் இடத்தோளுக்குப் பின்னே போய்விடும். நம் மீனவப் பெரியவர்களுக்கு இது புத்தகம் படித்துத் தெரிய வேண்டியதில்லை. சூரியன் எந்தப் பக்கம் எழுகிறது என்று பார்த்தே மாதத்தைச் சொல்லிவிடுவார்கள்.

எத்தனை மணிக்கு என்பது இன்னும் சுவையானது. மார்கழியில்தான் பகல் குறுகியது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். ஆகவே டிசம்பர் 21, 22ஆம் தேதிகளில்தான் சூரியன் மிகவும் தாமதமாக எழும் என்று எண்ணுகிறோம். அப்படி இல்லை. அந்த நாள்களில் நம் கரையில் உதயம் ஏறக்குறைய 6.25க்கு. மிகத் தாமதமான உதயம் பொங்கலெல்லாம் முடிந்து ஜனவரிக் கடைசியில் வருகிறது, அப்போது 6.35 ஆகிவிடும். முந்திய உதயம் மே மாதக் கடைசியிலும் ஜூன் தொடக்கத்திலும், 5.47 அளவில். கடிகாரம் ஒரே சீராக ஓடுகிறது. பூமியோ சூரியனைச் சுற்றும்போது ஒரே வேகத்தில் ஓடுவதில்லை, சாய்ந்த அச்சிலும் சுழல்கிறது. அதனால் வரும் வித்தியாசம் இது. போதாக்குறைக்கு, இந்தியா முழுவதற்குமான பொது நேரம் எண்பத்திரண்டரைப் பாகைத் தீர்க்கரேகையைப் பின்பற்றுகிறது. நாம் அதற்கு மேற்கே இருப்பதால், சூரியன் நம் உச்சிக்கு வரும்போது கடிகாரம் ஏறக்குறைய பதினோரு நிமிடம் முந்திப்போயிருக்கும்.

கூட்டிக் கழித்துப் பார்த்தால், ஆண்டு முழுவதற்கும் நம் உதய நேரத்தில் வரும் வித்தியாசம் முக்கால் மணி நேரம்தான். பாரிஸ் வேதபோதக சபையைச் சேர்ந்த குருக்கள் 1776 முதல் புதுச்சேரி மறைபரப்புப் பகுதியில் உழைத்தார்கள். அவர்கள் விட்டு வந்த பாரிஸில், இன்றைய கடிகாரப்படி, டிசம்பரில் சூரியன் எழ எட்டரை மணிக்கு மேலாகும். விடியல் வெளிச்சமும் அங்கே மெல்ல மெல்லத்தான் வரும். இங்கே அப்படியல்ல. சாலையில் ஆள் முகம் தெரியத் தொடங்கியதிலிருந்து சூரியன் எழுவது வரை இருபது, இருபத்திரண்டு நிமிடம்தான். நம் ஊர் விடியல் காத்திருக்காது.

அந்த இருபது நிமிடத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும்.

கிளைக் கிராமத்துப் பூசைக்காகவும், நோயில்பூசுதலுக்கு அழைப்பு வந்தாலும், விடிவதற்கு முன்பே வண்டியை எடுக்கும் வேலை எனக்கு அமைந்திருக்கிறது. ஐந்து மணிக்குத் திருமலைராயன்பட்டினத்தைத் தாண்டும்போது வானத்தில் இன்னும் நட்சத்திரம் இருக்கும். விடிவெள்ளி இருக்கும் மாதங்களில் அது கிழக்கே விளக்குப் போல நிற்கும். இந்த வெள்ளி 584 நாளுக்கு ஒரு சுற்று: சில மாதம் காலையில், பிறகு மறைவு, சில மாதம் மாலையில், மறுபடியும் மறைவு. எட்டு ஆண்டில் இப்படி ஐந்து சுற்று முடிந்து, ஏறக்குறைய அதே தேதியில் அதே இடத்துக்குத் திரும்பிவிடும். நம் மாதா பிரார்த்தனையில் இடம்பெற்ற நட்சத்திரம் இதுதான். உண்மையில் அது நட்சத்திரம் அன்று, கிரகம். அதற்காக யாரும் மனம் வருந்த வேண்டியதில்லை. முன்பெல்லாம் கிழக்குப் பக்கம் முழு இருட்டாக இருந்தது. வாஞ்சூரில் துறைமுகம் 2009இல் இயங்கத் தொடங்கிய பிறகு அதன் விளக்குகள் அடிவானத்தை வெளுக்கச் செய்கின்றன. சின்ன நட்சத்திரங்கள் இப்போது தெரிவதில்லை. வெள்ளி மட்டும் தாக்குப்பிடிக்கிறது.

சாலையிலிருந்து பார்த்தால் கடல் தெரியாது. வீடுகள், தென்னை, சவுக்கு, கடற்கரையை ஒட்டிய மணல் மேடுகள். காளமேகப் புலவர் கோபித்துக்கொண்டு திருமலைராயன் பட்டினத்தின் மேல் மண்மாரி பொழியப் பாடினார் என்ற கதையை நம் பகுதிச் சிறுவர்களுக்கும் தெரியும். கதை எப்படியிருந்தாலும் மணல் இருக்கிறது; அது நமக்கும் கடலுக்கும் நடுவே திரை போட்டிருக்கிறது. ஆகவே வண்டியில் போகிறவன் சூரியனைக் காண்பதற்கு முன்னால் அதன் வெளிச்சத்தைத்தான் காண்கிறான். முதலில் மேகத்தின் அடிவயிறு சிவக்கிறது. பிறகு தென்னை உச்சி. நாகூரை நெருங்கும்போது தர்காவின் மினாராக்கள் தெரிகின்றன. தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிங் கட்டிக்கொடுத்த பெரிய மினாரா 131 அடி உயரம். அவ்வளவு உயரத்துக்கு அடிவானம் தாழ்ந்து தெரிவதால், தரையில் நிற்பவனைவிட ஏறக்குறைய முக்கால் நிமிடம் முன்னதாகவே அதன் உச்சியில் வெயில் படும். நான் கணக்குப் போட்டும் பார்த்தேன், ஒரு நாள் வண்டியை ஓரங்கட்டி நின்றும் பார்த்தேன். கணக்குச் சரிதான். ஒரு சைவ மன்னர் குலம் எழுப்பிய இஸ்லாமியக் கோபுரத்தில் படும் வெயிலை ஒரு கத்தோலிக்கக் குரு கடிகாரம் வைத்துப் பார்ப்பது நம் பகுதியில் மட்டும்தான் நடக்கும் என்று நினைக்கிறேன்!

பௌர்ணமிக்கு மறுநாள் காலையில் போனால் இன்னொரு காட்சி கிடைக்கும். இடப்பக்கம் கடல்மேல் சூரியன் எழும்போது, வலப்பக்கம் வயல்மேல் சந்திரன் இன்னும் மறையாமல் நிற்கும். தை மாதமானால் அறுவடை வயல், வெண்மையான நிலவு, மறுபக்கம் செந்நிறச் சூரியன். இரண்டுக்கும் நடுவே கறுப்பாக நம் சாலை. அன்று மட்டும் வண்டியை ஓட்டாதீர்கள். வேறு யாரையாவது ஓட்டச் சொல்லிவிட்டு நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள்.

ஓட்டுகிறவன் எங்கே பார்க்க வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வந்த முதல் செய்தி. அந்த இருபது நிமிடத்தில் சாலையில் யார் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். மீன் ஏலத்துக்குப் போவதற்காகக் கூடையோடு ஷேர் ஆட்டோவுக்குக் காத்து நிற்கும் தாய்மார்கள். பால் கேன் கட்டிய சைக்கிள். டியூஷனுக்குப் போகும் பிள்ளைகள். சனிக்கிழமையானால் திருநள்ளாற்றுக்கு இரவெல்லாம் கண்விழித்து வரும் வெளியூர் வண்டிகள். ஓட்டுநர் கண் பாதி மூடியிருக்கும். ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணிக்கு நடந்து வரும் காவி உடைக் கூட்டம். வெயிலுக்கு அஞ்சி அவர்கள் இரவிலும் விடியலிலும்தான் நடக்கிறார்கள். அந்த நாள்களில் உதயம் சரியாக ஆறு மணியை ஒட்டி வருகிறது. ஐந்தேகாலுக்கு, கால் வீங்கி, ஒரு கையில் கோலும் மறுகையில் தண்ணீர் பாட்டிலுமாக, தார்ச்சாலையின் ஓரக் கோட்டிலேயே நடக்கிறார்கள். மணலில் நடந்தால் கால் புதையும் என்பதால் சாலையை விட்டு இறங்குவதில்லை.

வெளிச்சம் வந்துவிட்டதே என்று ஓட்டுநர்கள் அந்த நேரத்தில்தான் முன்விளக்கை அணைக்கிறார்கள். தனக்குச் சாலை தெரிகிறது, போதும் என்பது அவர்கள் எண்ணம். முன்விளக்கு நாம் பார்ப்பதற்கு மட்டும் வைத்ததா? நம்மைப் பிறர் பார்ப்பதற்கும் வைத்ததுதானே! மங்கிய வெளிச்சத்தில் சாம்பல் நிறச் சாலையில் வரும் சாம்பல் நிறக் காரை, முதுகைக் காட்டி நடக்கும் பாதயாத்திரிகன் எப்படிக் காண்பான்? சூரியன் முழுவதும் எழுந்து கால் மணி ஆகும்வரை விளக்கு எரியட்டும். நடக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: சாலையின் வலப்புறம் நடங்கள். எதிரே வரும் வண்டி உங்கள் கண்ணுக்குத் தெரியும். நம் பங்கு வழியாகப் போகும் யாத்திரைக் கூட்டங்களுக்கு மோர் கொடுக்கிறோம், கஞ்சி கொடுக்கிறோம். இந்த ஆண்டு முதல் முதுகில் ஒட்டிக்கொள்ள ஒளிரும் பட்டையும் கொடுப்போம் என்று மரியாயின் சேனையார் முன்வந்திருப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

சூரியன் எழுந்த பிறகும் ஆபத்து தீரவில்லை. கும்பகோணத்துப் பக்கமிருந்து திருநள்ளாறு வழியாகக் காரைக்காலுக்கு வருகிறவர்கள் கிழக்கு நோக்கி வருகிறார்கள். மார்ச்சிலும் செப்டம்பரிலும் சூரியன் நேர் எதிரே, சாலையின் முனையிலேயே உட்கார்ந்திருக்கும். முன்கண்ணாடியின் உட்புறத்தில் படிந்திருக்கும் மெல்லிய அழுக்கு அந்த வெயில் பட்டதும் வெள்ளைத் துணி போலாகி எல்லாவற்றையும் மறைத்துவிடும். வெளிப்புறம் கழுவுகிறோம்; உட்புறம் துடைப்பது யார்? அறுவடைக் காலத்தில் சாலையில் காயப்போட்ட வைக்கோலும் நெல்லும், அவற்றின் பக்கத்தில் குனிந்து நிற்கும் ஆளும் அந்த ஒளியில் தெரியவே மாட்டார்கள். சூரிய உதயம் அழகு என்று பாடுகிறவர்கள் கார் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

சரி, வண்டியை நிறுத்திவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். கரையில் நிற்கிறோம். என்ன பார்க்கிறோம்?

விளிம்பு தெரிந்ததிலிருந்து முழு வட்டமும் கடலை விட்டு எழ நம் கரையில் இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேலாகும். எழுந்து கடலைத் தொட்டபடி நிற்கும் அந்தச் சிவப்பு வட்டத்தைக் காட்டி, “இதோ சூரியன்” என்கிறோம். உண்மையில் சூரியன் அந்த நேரத்தில் முழுவதுமாக அடிவானத்துக்குக் கீழேதான் இருக்கிறது. காற்று மண்டலம் ஒளிக்கதிரை வளைத்து, அதன் தோற்றத்தை மேலே தூக்கிக் காட்டுகிறது. எவ்வளவு தூக்குகிறதோ அது ஏறக்குறைய சூரியனின் முழு அகலம். அதோடு, கண்ணுக்கு வந்த ஒளியும் புறப்பட்டு எட்டு நிமிடத்துக்கு மேலாகிவிட்டது. கண்ணால் கண்டதே மெய் என்று வாதாடுகிறவர்களை ஒரு நாள் கடற்கரைக்கு அழைத்துப் போங்கள்.

ஏன் சிவப்பு? உச்சி வெயில் கடந்து வரும் காற்றைவிட ஏறக்குறைய நாற்பது மடங்கு காற்றைக் கடந்து காலைக் கதிர் நம்மிடம் வருகிறது. வழியில் நீல ஒளி சிதறிப் போய்விடுகிறது, சிவப்பு மிஞ்சுகிறது. ஒளி சிதறுவதை ஆராய்ந்து 1930இல் நோபல் பரிசு பெற்ற சர் சி. வி. ராமன் நம் திருச்சிராப்பள்ளியில் பிறந்தவர். 1921இல் கப்பலில் திரும்பி வரும்போது மத்தியதரைக் கடலின் நீலத்தைக் கண்டு, “இது வானத்தின் பிரதிபலிப்புத்தான் என்று சொல்கிறார்களே, உண்மையா?” என்று ஐயப்பட்டதிலிருந்து அவருடைய ஆராய்ச்சி கிளை விட்டது. எத்தனையோ பேர் அந்தக் கப்பலில் வந்தார்கள். எல்லாரும் கடலைப் பார்த்தார்கள். அவர் கேள்வி கேட்டுப் பார்த்தார்.

சூரியன் எப்போதும் சிவந்துதான் எழும் என்றும் சொல்ல முடியாது. 1883 செப்டம்பரில் சென்னையிலும் தென்னிந்தியாவின் பல இடங்களிலும் இலங்கையிலும் சில நாள்கள் காலையிலும் மாலையிலும் சூரியன் பச்சை நிறமாகத் தெரிந்தது. அப்போதைய அறிவியலார் அதைப் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். மக்கள் எவ்வளவு கலங்கியிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். உலகமுடிவு என்று சொல்ல ஆள் இல்லாமலா இருந்திருக்கும்? காரணம், அந்த ஆகஸ்டு 27ஆம் தேதி சுமத்திராவுக்கும் ஜாவாவுக்கும் இடையே வெடித்த கிராக்கட்டோவா எரிமலையின் தூசியும் புகையும். கடலுக்கு அப்பால் ஒரு மலை வெடித்தால் நம் காலையின் நிறம் மாறுகிறது. அந்தப் பக்கத்துக்கும் நமக்கும் அவ்வளவு நெருங்கிய சம்பந்தம்.

இந்த இடத்தில் அந்த மற்றொரு காலையைப் பற்றிச் சொல்லாமல் போனால், இந்தக் கரையில் நின்று சூரிய உதயத்தைப் பற்றிப் பேசும் தகுதி எனக்கு இல்லை.

2004 டிசம்பர் 26. ஞாயிற்றுக்கிழமை. தமிழில் ஞாயிறு என்றால் சூரியனும் அதுவே, அந்தக் கிழமையும் அதுவே. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள்; திருவழிபாட்டில் திருக்குடும்ப விழா. அன்று நம் கரையில் சூரியன் எழுந்தது ஏறக்குறைய 6.27க்கு. சுமத்திராவுக்கு அருகே கடலடி நிலம் பிளந்தது 6.29க்கு. சூரியன் இன்னும் முழுவதும் கடலை விட்டு எழுந்திருக்குமோ என்னவோ, அவ்வளவுதான் இடைவெளி. பிறகு ஒன்பது மணியளவில் கடல் ஊருக்குள் வந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். நம் காரைக்கால் கரையிலும் பட்டினச்சேரி முதலாகக் குப்பம் குப்பமாகப் புதைகுழி தோண்டினோம். அன்று பௌர்ணமி என்பதால்தான் கடல் பொங்கியது என்று பிற்பாடு சிலர் பேசிக்கொண்டார்கள். பௌர்ணமிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. நிலம் பிளந்தது, தண்ணீர் எழுந்தது. அவ்வளவே.

நம் பகுதிக் கரையோர ஊர் ஒன்றில் மீன் விற்கும் ஒரு தாய் இருக்கிறார். பெயர் வேண்டாம். அந்த நாளில் அவர் இழந்தது இரண்டு பிள்ளைகளை. அதன் பிறகு பல ஆண்டுகள் காலையில் கரையில் உட்கார்ந்து மீன் பிரிக்கும்போது, கடலுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார். மற்றப் பெண்கள் எல்லாரும் கிழக்கே பார்த்திருக்க, அவர் மட்டும் மேற்கே பார்த்திருப்பார். ஒரு நாள் வண்டியை நிறுத்திப் பேசிக்கொண்டிருந்தபோது, “என்னம்மா, வெயில் முதுகில் அடிக்கிறதே” என்றேன். அவர் தலை நிமிராமலே சொன்னார்: “அன்னிக்கும் இப்படித்தான் சாமி அழகா விடிஞ்சுது.”

அதற்கு நான் பதில் சொல்லவில்லை. இன்று கேட்டாலும் பதில் இல்லை.

ஒவ்வொரு விடியலும் நம்பிக்கையின் செய்தி என்று மேடைகளில் பேசுகிறோம். வாழ்த்து அட்டையில் அச்சிடுகிறோம். இளைஞர்கள் இப்போது அதையே படத்தோடு கைபேசியில் காலைதோறும் அனுப்புகிறார்கள். அந்தத் தாயிடம் போய் அதைச் சொல்லுங்கள், பார்ப்போம். சூரிய உதயம் அன்று எந்தச் செய்தியும் சொல்லவில்லை. பொய்யும் சொல்லவில்லை. அது தன் வேலையாக எழுந்தது. செய்தி சொல்ல வேண்டியவர்கள் மனிதர்கள். உதயத்துக்கும் அலைக்கும் நடுவே இரண்டரை மணி நேரம் இருந்தது. திருமலைராயன்பட்டினத்திலிருந்து ஒரு பையன் சைக்கிளில் போய்க் கரையோர ஊர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டு வரப் போதுமான நேரம். சொல்வதற்கு யாருக்கும் தெரியவில்லை. பசிபிக் கடலுக்கு எச்சரிக்கை நிலையம் இருந்தது. இந்தியப் பெருங்கடலுக்கு இல்லை.

நமக்கு இப்படி நடந்ததே இல்லை என்றும் சொல்வதற்கில்லை. 1881 டிசம்பர் 31ஆம் நாள் கார் நிக்கோபாருக்கு அருகே நிலநடுக்கம் ஏற்பட்டு, அதன் அலை வங்கக் கடலைக் கடந்து வந்தது. நாகப்பட்டினத் துறையில் கடல்மட்டத்தை அளக்க வைத்திருந்த கருவி அந்த அலையைத் தாளில் வரைந்து வைத்தது. இரண்டு ஆண்டு கழித்து அதே கருவி கிராக்கட்டோவா அலையையும் பதிவு செய்தது. நமக்குப் பக்கத்து ஊரில் வைத்திருந்த கருவி! அலை சிறிது, சேதம் பெரிதில்லை, மறந்துவிட்டோம். 123 ஆண்டு அந்தத் தாள் ஆவணக் கட்டுகளில் இருந்தது. மீனவனுக்கு யாரும் படித்துச் சொல்லவில்லை. 2007 அக்டோபரில்தான் ஹைதராபாத்தில் நமக்கென்று சுனாமி எச்சரிக்கை மையம் இயங்கத் தொடங்கியது. இப்போது கடலில் மிதவைகள் இருக்கின்றன; சில நிமிடங்களில் செய்தி வரும். வந்த செய்தி நம் குப்பத்துக்கு யார் மூலம் வரும், எந்த மணி அடிக்கும், வயதானவர்களை யார் தூக்குவார்கள் என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும். நம் கோவில் மணியை இதற்குப் பயன்படுத்தலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக. திருந்தாதி மணிக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியும்படி எப்படி அடிப்பது என்று உபதேசியாரோடு பேசி முடிவு செய்யுங்கள்.

அந்தத் தாயைப் பற்றி இன்னும் ஒரு சொல். இப்போது அவருடைய பேரன் படகில் போகிறான். ஆகவே அவர் உட்காரும் பக்கம் மாறிவிட்டது. விடியலில் கடலைப் பார்க்கிறார். சூரியனைப் பார்ப்பதாக எண்ண வேண்டாம். கண்ணைச் சுருக்கிக்கொண்டு, அந்தக் கூச்சத்துக்குள்ளே கறுப்பாகத் தெரியும் படகுகளை எண்ணுகிறார். ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்தக் காலத்தில் அடிவானம் ஏறக்குறைய வெறுமையாக இருக்கும். அப்போது மட்டும் பழையபடி மேற்கே திரும்பி உட்காருகிறார் என்று அவருடைய மருமகள் சொன்னார்.

இனி, மன்றத்தாருக்கு நான் கொடுத்த வாக்கு. ஜனவரிக் கடைசி வாரத்துச் சனிக்கிழமை காலையில் ஒரு வேன் ஏற்பாடு செய்கிறோம். அந்த மாதத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் மழை மேகம் அடிவானத்தை மூடிக்கொள்ளும். பாதி நாள் சூரியன் எழுந்ததே ஏழு மணிக்குத்தான் தெரியும். கோடையில் மங்கல். தை, மாசிதான் தெளிவு. உதயமும் அப்போது 6.35 என்பதால் பிள்ளைகளை நடுச்சாமத்தில் எழுப்ப வேண்டியதில்லை. ஐந்தரைக்குக் கோவில் வாசலில் இருங்கள். தூரம் கொஞ்சம்தான், ஆனால் ஆள் முகம் தெரியத் தொடங்கும் ஆறேகாலுக்கு முன்பே மணலில் நின்றுவிட வேண்டும். சூரியன் முழுவதும் எழுந்த பிறகு அதை நேராக உற்றுப் பார்க்கக் கூடாது. பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். படகு இழுக்கும் வழியை மறித்துக்கொண்டு நின்று படம் எடுக்காதீர்கள். அங்கே வேலை செய்கிறவர்களுக்கு அது தொழில் நேரம். காபி கொண்டுவருகிறவர்கள் அவர்களுக்கும் சேர்த்துக் கொண்டுவாருங்கள்.

வேன் ஓட்டுநரும் நம்மோடு இறங்கிப் பார்க்கட்டும். மேகம் மறைத்துவிட்டால் மறு சனிக்கிழமை போவோம்.